பழைய வீடு வாங்கினோம். அதற்கு முன் ஒன்றை விட்டோம்

கும்பகோணத்தில் 14 வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். சொந்த வீடு என்றால் ஊருக்கு வெளியே மனை வாங்கிக் கட்டுவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். 2023 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று தரகர் கூட்டிப்போனார். அன்றோடு மனைப் பேச்சு நின்றுபோனது.

வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே போனால் ரேழி என்கிற நடை, அப்புறம் கூடம், நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தேக்குத் தூண்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணறு, கொல்லையில் ஒரு நார்த்தை மரம். அகலம் 18 அடிதான், நீளம் 126 அடி. வெளியே தலையைப் பிளக்கிற வெயில், உள்ளே ஃபேன் இல்லாமல் உட்கார முடிந்தது. அத்தை (என் மாமியார்) வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய், வாளியை இறக்கி, ஒரு கை தண்ணீர் வாயில் விட்டுப் பார்த்தார். "உப்பில்லம்மா" என்றார். அவர் 30 வருடம் கேன் தண்ணீரும் அடிபம்பும் பார்த்தவர். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு முடிவு பண்ணிவிட்டது.

விலை 62 லட்சம் என்றார்கள். "2028ல மகாமகம் வருது டீச்சர், அதுக்குள்ள இந்தத் தெருவில வீடே கிடைக்காது. ஆடி பிறக்குறதுக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்க" என்றார் தரகர்.

நாங்கள் செய்த முதல் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்க்கப் போனோம். கூரையைப் பார்த்தால் ஆசை கூடும். ஆசை கூடின பிறகு பத்திரத்தில் ஓட்டை தெரிந்தாலும் கண் அதைத் தாண்டிப் போகப் பார்க்கும். அந்த ஐந்து மாதத்தில் இதை நான் என் மனசிலேயே பார்த்தேன்.

ஆனால் கூரையைப் பார்த்த அந்த நாளில் கற்றது வீண் போகவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப்போயிருந்தோம். எழுபதைத் தாண்டியவர். கையில் ஒரு சுத்தியல், நீளமான ஸ்க்ரூ டிரைவர், ஒரு நூல்கண்டு, டார்ச். அவ்வளவுதான்.

கூடத்து மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அதன் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டை ஒட்டுவது. கம்பி கிடையாது. எடை முழுக்க அந்த மரச்சட்டங்கள்மேல்தான். அதனால் அவர் செங்கல்லைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தார். மரத்திலும் நடுப்பகுதியை விட்டுவிட்டு, சட்டம் சுவருக்குள் நுழைகிற முனையைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏணியில் ஏறி, சுத்தியலின் மரப்பிடியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். ஒன்பதாவது சட்டத்தில் சத்தம் மாறியது. முதல் எட்டும் 'டங்' என்றன. அது 'டொப்' என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். விரல் நீளத்துக்கு உள்ளே போய்விட்டது, வெண்ணெயில் போகிற மாதிரி. வெளியே எடுத்தபோது காப்பிப்பொடி நிறத்தில் தூள் உதிர்ந்தது.

"நடுவுல நூறு வருஷம் நிக்கும் டீச்சர். முனைதான் சாகும். சுவத்துல ஈரம் ஏறுனா மரம் உள்ளேயே புழுங்கிப் போயிடும்" என்றார்.

மாடிக்கு ஏறினோம். அந்த ஒன்பதாவது சட்டத்துக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. இரண்டு மூன்று முறை யாரோ வெட்டிவிட்ட தடயம் இருந்தது. வேர் மட்டும் சுண்ணாம்புக் கட்டுக்குள் கட்டைவிரல் கனத்துக்கு ஓடியிருந்தது. வேரோடு தோண்டி எடுத்து, அந்த இடத்தைத் திரும்பக் கட்டினால்தான் தீரும், மேலே வெட்டுவது அதற்குக் கவாத்து பண்ணுகிற மாதிரி என்றார். வேர் திறந்துவிட்ட வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, சுவருக்குள் போய், சட்டத்தின் முனையைத் தின்றிருக்கிறது. கீழே கூடத்தில் நின்று பார்த்தால் கூரையில் ஒரு கறைகூட இல்லை. விற்பதற்கு முன் வெள்ளையடித்திருந்தார்கள்.

அப்புறம் நூல்கண்டு. சுவருக்குச் சுவர், உத்திரத்துக்கு அடியில் நூலை இழுத்துக் கட்டினார். நடுவில் உத்திரம் நூலைத் தாண்டி ஒன்றேகால் இஞ்சு கீழே தொங்கியது. காரணம் மாடியிலேயே இருந்தது. ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு படுகை போட்டிருக்கிறார்கள். மூன்று படுகை. ஓட்டை அடைபட்டதோ இல்லையோ, மரத்துக்குப் பாரம் மட்டும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. பழைய வீட்டு மாடிக்குப் போனால் ஓரத்தில் தளத்தின் கனத்தைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்குக் குறைந்திருந்தால் சுவர் குட்டையாகவில்லை, தளம் ஏறியிருக்கிறது.

ஆறு சட்டம் மாற்ற வேண்டும், மேல் படுகைகளை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும், மொத்தம் ஆறரை லட்சம் ஆகும் என்று சொன்னார். அந்தக் கணக்கைக் காட்டியதும் வீட்டுக்காரர் 57 லட்சத்துக்கு இறங்கினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பணத்துக்கு நகையை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் வக்கீலிடம் போனோம்.

வக்கீல் முதலில் வாங்கியது வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல். 1975க்குப் பிந்தைய பதிவுகளை இணையத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, பழைய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தாத்தா 1951இல் கிரயம் வாங்கியது, அதற்குப் பிறகு அடமானம் எதுவும் இல்லை. சுத்தமாக இருந்தது. நான் கிளம்பத் தயாரானேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "டீச்சர், வில்லங்கச் சான்றில பதிஞ்சது மட்டும்தான் தெரியும். பதியாத உயில் தெரியாது, கோர்ட்டில கிடக்கிற வழக்கு எல்லாம் தெரியாது, கையெழுத்துப் போடாத அக்கா தங்கச்சியும் தெரிய மாட்டாங்க. வாரிசுச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்.

அது வருவதற்கு ஒரு மாதம் இழுத்தது. வந்ததில் மூன்று பெயர்: வீட்டுக்காரர், ஒரு தங்கை, ஒரு அக்கா. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். அக்கா எழுதவில்லை. வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "அவங்களுக்கு 84லேயே கல்யாணம் பண்ணி அனுப்பிட்டோம். சட்டப்படி 89க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு கிடையாது."

இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள், நம் ஊரில் இது நிறையப் பேர் வாயில் இருக்கிறது. வக்கீல் எங்களுக்கு விளக்கியதை எழுதிவிடுகிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்து, வீடு அவருடைய தனிச்சொத்து என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் எப்போது ஆனது என்ற கேள்வியே அங்கே எழாது. பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால்தான் அந்த 1989 கதை வரும். தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் மகன்களைப் போல உரிமை கொடுத்தது, அதற்கு முன் கல்யாணமான பெண்களை மட்டும் விட்டுவிட்டது. ஆனால் 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது, அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் மட்டும் அது கலையாது. இந்த வீட்டில் பாகப்பிரிவினையே நடக்கவில்லை. அப்பா இறந்தது 2009இல். எப்படிப் பார்த்தாலும் அக்காவுக்குப் பங்கு உண்டு.

தரகர் ஒரு வழி சொன்னார். பேப்பரில் அறிவிப்புக் கொடுப்போம், 15 நாளில் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் பத்திரம் பண்ணிவிடலாம் என்றார். அறிவிப்புக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதைப் பார்க்கவில்லை என்பதற்காக ஒருவருடைய பங்கு போய்விடாது என்று வக்கீல் ஒரே வரியில் முடித்தார்.

நான் அந்த அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கினேன். நாக்பூரில் இருந்தார். யார் பேசுகிறேன், எதற்குப் பேசுகிறேன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நார்த்தை மரம் இருக்கா இன்னும்?" என்று கேட்டார். இருக்கிறது, இந்த வருடம் காய்த்திருக்கிறது என்றேன். "அது நான் வச்சதும்மா. அம்மா கடைசி நாலு வருஷம் என்கூட நாக்பூர்லதான் இருந்தா. வீட்ட விக்கப் போறேன்னு என் தம்பி எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கையெழுத்து வேணும்னா அவன் வந்து கேக்கட்டும்" என்றார்.

2011இல் என் பிறந்த வீட்டுக்காக நானும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டைவிரலில் மை தடவிக் கையெழுத்துப் போட்டேன். என் அண்ணன் ராத்திரி பஸ் ஏறி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, "உனக்குச் சம்மதமா பாப்பா?" என்று கேட்டான். நான் சந்தோஷமாகப் போட்டேன், இன்றைக்கும் அதில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடப்பட்ட ஒருத்தியின் வீட்டில் நான் எப்படி விளக்கேற்றுவேன்? வீட்டுக்காரரிடம் ஒரு முறை நாக்பூர் போய் வாருங்கள் என்று நாங்களே சொல்லிப் பார்த்தோம். போகவில்லை. ஆவணியில், அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முன்பணம் கொடுத்திருக்கவில்லை என்பதால் போனது வக்கீல் கட்டணமும் கொத்தனார் கூலியும்தான். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: முதலில் வாரிசுச் சான்று, அசல் மூலப்பத்திரம், வில்லங்கம். அதற்குப் பிறகுதான் ஏணி. மரம் இற்றுப்போயிருந்தால் காசு செலவழித்து மாற்றிவிடலாம், கூட ஒரு லட்சம் ஆகும். ஒரு மனுஷியின் கையெழுத்தை அப்படிச் சம்பாதிக்க முடியாது. 'அசல்' என்று அழுத்திச் சொல்கிறேன். நகலைக் காட்டி, அசல் பீரோவில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது என்று இழுத்தால் அது எங்கேயோ கடனுக்கு ஈடாகப் போயிருக்கலாம்.

அடுத்து ஒரு வீடு வெறும் 28 லட்சத்துக்கு வந்தது. அன்றைக்கே விட்டுவிட்டோம். கோயில் ஊர்களில் அடிமனை என்று ஒன்று உண்டு. கட்டடம்தான் அவர்களுடையது, அடியில் இருக்கிற மண் கோயிலுடையது, தரை வாடகை கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதை நிலத்தோடு கிரயம் பதிய முடியாது, வங்கியும் கடன் தராது. விலை குறைவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இப்போது நாங்கள் இருக்கிற வீட்டை முதலில் பார்த்தது புரட்டாசியில். 1950களில் கட்டியது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டு மங்களூர் ஓடு. முதல் வீட்டின் அழகில் கால்வாசி கூட இல்லை. தூண்களுக்கு யாரோ பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள், கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி வழுவழுவென்று ஆக்கியிருந்தார்கள். ஆனால் 1996இல் பதிவான பாகப்பிரிவினை கையில் இருந்தது, அசல் பத்திரம் இருந்தது, விற்கிறவரோடு அவர் மகனும் மகளும் சேர்ந்து எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வக்கீல் ஒரே வாரத்தில் சரி என்றார்.

இந்த முறை நாங்கள் அவசரப்படவில்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? மழைக்காலம் முடியட்டும், அதுவரை பொறுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டோம். நல்ல மனிதர், சம்மதித்தார். ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டியது. பத்தரை மணிக்குக் குடையும் டார்ச்சுமாகப் போய்க் கதவைத் தட்டினோம். வீட்டுக்கார அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது, வெயிலில் பத்துத் தடவை போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

பின்கட்டில் இரண்டு இடத்தில் ஓடு உடைந்து ஒழுகியது. முன்கட்டுக் கூரை சொட்டவில்லை. முற்றத்தில் விழுந்த தண்ணீர் சலதாரை (வடிகால்) வழியாகக் கொல்லைப் பக்கம் தடையில்லாமல் ஓடியது. அதை நான் டார்ச் அடித்துக் கடைசி வரைக்கும் நடந்து பார்த்தேன். (வெயில் காலத்தில் பார்க்கிறவர்கள் முற்றத்தில் பத்து வாளி தண்ணீரைக் கொட்டிப் பார்க்கலாம். எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பது தெரிந்துவிடும்.) ஆனால் வாசல் பக்கம் நிலைமை வேறு. தெருத்தண்ணீர் படியைத் தொட்டு, ரேழிக்குள் அரை அடி தூரம் வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்காரர் ஒரு பழைய கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். 1971. திண்ணைக்குக் கீழே மூன்று படி, படியில் நின்றுகொண்டிருக்கிற நாதஸ்வரக்காரர்கள். இப்போது இருப்பது ஒரு படி. மற்ற இரண்டும் தார்ச்சாலைக்கு அடியில் இருக்கின்றன. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டால் தெரு ஏறும், வீடு இறங்கும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே உத்தரவு போட்டார். அதற்கு முன்பே ஏறியது ஏறியதுதான். பழைய வீடு பார்க்கிறவர்கள் வாசல்படியை எண்ணுங்கள், வீட்டுக்காரரிடம் பழைய போட்டோ கேளுங்கள்.

தரையை உயர்த்திவிடலாமே என்று கணவர் சொன்னார். உயர்த்தினால் நிலைகள் எல்லாம் குட்டையாகிவிடும், அவர் உயரத்துக்குக் குனிந்துதான் போக வேண்டும். முற்றத்தின் சரிவும் கெட்டுவிடும். கடைசியில் வாசலில் ஆறு இஞ்சு கருங்கல் தடுப்பு ஒன்று வைத்து, ரேழி ஓரத்தில் சலதாரையோடு சேர்கிற மாதிரி ஒரு வாய்க்கால் எடுத்தோம். இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

சர்வேயரை வைத்து அளந்தபோது பத்திரத்தில் 2,340 சதுரடி என்று இருந்தது தரையில் 2,190தான் வந்தது. பட்டாவிலும் கிட்டத்தட்ட அளந்த அளவுதான். பழைய பத்திரங்களில் சக்குபந்தி (நாலு பக்க எல்லை விவரம்) சரியாக இருக்கும், அளவு இப்படி முன்னே பின்னே இருக்கும். நாங்கள் அளந்த சதுரடிக்குத்தான் விலை என்று பேசினோம். 46 லட்சத்தில் முடிந்தது. பத்திரத்தில் 'மேற்குச் சுவர் பொது' என்று ஒரு வரி இருந்தது. வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசினோம். எங்கள் கூடத்துச் சட்டங்களின் ஒரு முனை அந்தப் பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு அவர்கள் இடித்துக் கட்டினால் எங்கள் கூரை என்ன ஆகும்? அவர்களுக்கு இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை, இடிப்பதாக இருந்தால் அந்தச் சுவரைத் தொட மாட்டோம் என்றார்கள். வக்கீல் சொன்னபடி அதை எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்.

பணக் கணக்கையும் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 46 லட்சத்துக்கு 4,14,000 ரூபாய். தரகுக்கு 46,000. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர், கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் இருக்கிறது என்று எழுதித்தர வேண்டும். கடன் அதற்குள் அடைய வேண்டும். 20 வருடத் தவணை என்று நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தோம், கிடைத்தது 12 வருடம். 30 லட்சத்துக்கு மாதம் 33,300 ரூபாய். 20 வருடம் என்று நினைத்தபோது அது 26,000 ரூபாயாக இருந்தது. இந்த 7,300 ரூபாய் வித்தியாசம் ஒரு குடும்பத்துக்குப் பெரிது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியில் கட்டட வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ரிப்பேருக்கு 5 லட்சம் ஒதுக்கினோம், 7,80,000 ஆனது. அதற்கு என் பிஎஃபில் கை வைக்க வேண்டியிருந்தது. வயரிங் முழுக்க மாற்ற வேண்டும் என்று தெரிந்தே இருந்தது, பழைய மரப்பட்டியில் ஓடிய வயர், எர்த்தே கிடையாது. எதிர்பாராதது பின்கட்டு நிலைக்கதவு. வெளியே முழுசாக இருந்தது, ஆசாரி உளியை வைத்ததும் உள்ளே கரையான் புற்றுதான் இருந்தது.

2024 தையில் பத்திரம் முடிந்து, மாசியில் அதே பெரியவர் வேலைக்கு வந்தார். முதல் நாள் அவர் கூரைப் பக்கமே போகவில்லை. கூடத்து மேற்குச் சுவரில் அந்த வழுவழுப்பான சிமெண்ட் பூச்சுக்கு மேலே, நாலடி உயரத்தில், வெள்ளையாக உப்புப் பூத்துப் பொரிந்திருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தரையிலேருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். அந்தக் காலத்துல அஸ்திவாரத்துக்கு மேல தடுப்பு வைக்கலை. சுண்ணாம்புப் பூச்சா இருந்தா ஒரு அடிக்குள்ள வெளியே மூச்சு விட்டுடும். இவங்க சிமெண்ட்ட பூசி வாயை அடைச்சிட்டாங்க. அதுக்கு வெளிய வர வழி இல்ல, மேல ஏறிடுச்சு."

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். செங்கல் தெரிய, கோடை முழுக்க அப்படியே விட்டுவிடச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாம் என்ன இது பாதியில் நிற்கிறதே என்று கேட்டார்கள். உப்பு வெளியே பூத்து வரும், அதை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது, கழுவினால் திரும்ப உள்ளேயே போய்விடும். வாரம் ஒரு முறை அத்தை அந்த வேலையைப் பார்த்தார். புரட்டாசிக்கு முன் சுண்ணாம்புப் பூச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் ஊற்றிக் குழைத்தது. வீடே இரண்டு நாள் பாகு காய்ச்சுகிற மாதிரி மணத்தது. அதன் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை, வெறும் சுண்ணாம்புதான்.

சிமெண்டைக் கொத்திய அன்றைக்கு அவர் என் பையிலிருந்த பென்சிலை வாங்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே சுவரில் ஒரு கோடு போட்டு, "தேதி எழுதுங்க டீச்சர்" என்றார். மாசாமாசம் இப்படிப் போட்டுக்கொண்டு வாருங்கள், கோடு இறங்கினால் வீடு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம் என்றார். பூச்சு வேலை நடந்தபோது அந்த ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூசாமல் விட்டார், கோடுகளுக்காக.

முதல் கோடு என் தோளுக்குக் கொஞ்சம் கீழே. ஆனியில் இடுப்புக்கு வந்தது. அந்த வருட ஐப்பசியில் ஒரு விரற்கடை ஏறி, தையில் திரும்ப இறங்கியது. இப்போது முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. போன மாதக் கோட்டை அத்தை போட்டார், கீழே குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு. தேதியைத் தமிழ் மாதத்தில் எழுதியிருக்கிறார்.